யூனானி மூலிகைகளும் கருத்தடை என்னும் சொல்லும்

மும்பையின் தாராவியில் தமிழரும் உருது பேசுவோரும் நெடுங்காலமாக அண்டை வீட்டாராய் வாழ்ந்து வருகின்றனர். ஆங்குச் செல்லும் நலப்பணியாளரிடம், "ஹகீம் தரும் மூலிகை கருவைத் தடுக்குமா, அம்மா?" என்று ஒரு பெண் வினவக்கூடும். விடை கூறுமுன், அவள் கருதுவது எவ்வகை மருந்து என்பதை அறிதல் இன்றியமையாதது.

யூனானி மருத்துவம் இங்கு மூவகை மருந்துகளை வேறுபடுத்துகிறது. கரு உண்டாகாமல் தடுப்பது 'மானிஏ ஹம்ல்'. உண்டான கருவை வெளியேற்றுவது 'முஸ்கித்தே ஹம்ல்'. மாதவிலக்கைத் தூண்டுவது 'முதிர்ரே ஹைஸ்'. நம் பேச்சிலோ இம்மூன்றும் 'கருத்தடை மருந்து' என்னும் ஒரே பெயருள் அடங்கிவிடுகின்றன. மொழிபெயர்ப்பாளராகிய நாங்களும் இக்குற்றத்திற்கு விலக்கல்லோம்.

இச்சொற்குழப்பம் உயிருக்கே ஊறு விளைக்கலாம். நாம் அருவதா என்றும், யூனானி மருத்துவர் சுதாப் என்றும் வழங்கும் செடி மாதவிலக்கைத் தூண்டும் வகையைச் சேர்ந்தது. நாள் தவறிய பெண் ஒருத்தி அதனைத் 'தடை' மருந்தென நம்பி மிகுதியாக உண்பாளாயின், கருச்சிதைவும் குருதிப்போக்கும் நேரலாம். கல்லீரலும் சிறுநீரகமும் பழுதுறலாம்.

பழைய நூல்களை இகழ்தல் நம் கருத்தன்று. இப்னு சீனா (980–1037) தம் 'கானூன்' என்னும் நூலில், மிக இளம் பெண்ணுக்கும் கருப்பை நோயுற்றவளுக்கும் பேறுகாலத்தால் உயிராபத்து நேராதிருக்கக் கருத்தடை வேண்டுமென்று தெளிவாக உரைத்தார். அவ்வக்கறை இன்றும் போற்றத்தக்கது. எனினும் அவர் குறித்த மிளகு, முட்டைக்கோசு விதை முதலியன நம்பத்தக்க தடை தருமென மருத்துவச் சோதனைகள் நிறுவவில்லை. நூலின் பழைமை மருந்தின் திறனுக்குச் சான்றாகாது.

ர. தோ. கார்வே 1921-இல் கருத்தடை ஆலோசனை நிலையம் தொடங்கிய நகரம் இது. அத்தகைய நகரில் எந்தப் பெண்ணும் ஐயத்துக்கிடமான பொடியை நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆகவே பணியாளர் முதலில், "நாள் தவறியுள்ளதா?" என்று கேட்க வேண்டும். தவறியிருப்பின் கருப்பரிசோதனையும் மருத்துவரின் ஆலோசனையுமே வழி. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வரம்புகளுக்குட்பட்டு மருத்துவரின் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. தவறவில்லையெனில், அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் காப்பர்-டி, மாத்திரைகள், ஊசிமருந்து ஆகியவற்றை எடுத்துரைக்கலாம்.

ஆசிரியர்களும் தடுத்தல் வேறு, கலைத்தல் வேறு என்பதைத் தெளிவுறக் கற்பித்தல் வேண்டும். ஹகீமைப் பழித்துப் பேசினால் அப்பெண் மறுமுறை நம்மிடம் வாய் திறவாள். எந்த மூலிகையை, எப்போது, எவ்வளவு உண்டாள் என்பதை அவள் அச்சமின்றிச் சொல்லும் நிலையே அவள் உயிருக்குக் காப்பு.