காணிப் பிள்ளைகளுக்குக் காணி உபாத்தியாயர்

காணிக்காரப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று பேசுவோர் நாஞ்சில் நாட்டில் இன்னும் இருக்கின்றனர். தலைவிதி என்பார் சிலர். காட்டுப் பழக்கம் என்பார் சிலர். இரண்டும் சோம்பேறிச் சமாதானமென்றே நாம் சொல்லுகிறோம்.

1987-ம் வருஷம் அகஸ்தியமலைக்குச் செடிகளை ஆராயப் போன விஞ்ஞானிகள் நடந்து களைத்துப் போனார்கள். வழிகாட்ட வந்த காணிக்காரரோ ஆரோக்கியப்பச்சைக் காயைத் தின்று சளைக்காமல் நடந்தார்கள். அந்தச் செடியைக் கொண்டே பிறகு 'ஜீவனி' என்ற மருந்து உண்டாயிற்று. விஞ்ஞானிகளுக்கே பாடம் சொன்ன ஜனங்களின் பிள்ளைகளுக்கு மூளையில்லை என்றால் அதை யார் நம்புவது?

பின் குறை எங்கே? பிள்ளை வீட்டில் பேசுவது தமிழும் மலையாளமும் கலந்த காணிப் பேச்சு. பள்ளியில் கேட்பது புத்தகத் தமிழ். புரியாமல் விழித்தால் 'மக்கு' என்று பட்டம். வாய் திறந்தால் பக்கத்துப் பிள்ளைகளின் சிரிப்பு. மானமுள்ள பிள்ளை அங்கே எத்தனை நாள் இருக்கும்? ஆரம்பப் படிப்பைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டுமென்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு 1956 முதல் சொல்லுகிறது. சட்டம் ஏட்டிலிருந்தால் போதுமா?

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில், பூர்வகுடிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு 1972 வரை இருந்தது. அப்பேர்ப்பட்ட நாட்டிலேயே பின்னர் பூர்வகுடியினரைச் சம்பளம் கொடுத்துப் பள்ளி உதவியாளராக வைத்தார்கள். அவர் பிள்ளையின் பக்கத்திலிருந்து பாடத்தை விளக்குவார். வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசுவார். உபாத்தியாயருக்கு அந்த ஜனங்களின் வழக்கத்தை எடுத்துச் சொல்வார். அவ்வளவு தூரம் போவானேன்? அடுத்த வீடான கேரளத்தில், வயநாட்டுப் பள்ளிகளில், 2017-ல் 'கோத்திரபந்து' என்ற பெயரால் ஆதிவாசிகளையே ஆதிவாசிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி ஆசிரியராக நியமித்தார்கள். வயநாட்டில் ஆகக்கூடியது பேச்சிப்பாறையில் மட்டும் ஆகாதா?

ஆனால் ஒன்று. மணியடிக்கவும் தண்ணீர் சுமக்கவும் ஓர் ஆளை வைத்துவிட்டு, 'காணிக்கு வேலை கொடுத்தோம்' என்று மார்தட்டுவதை நாம் ஒப்பமாட்டோம். வகுப்பில் இடம், மாதந்தோறும் சம்பளம், பயிற்சி பெற்று உபாத்தியாயராகும் வழி ஆகிய மூன்றும் வேண்டும்.

இந்தப் பூமி திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், அய்யன்காளி ஒரு புலையச் சிறுமியை ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனார். ஜாதிவெறியர் அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அன்று கதவு சாத்தியிருந்தது. இன்று கதவு திறந்திருக்கிறது. உள்ளே உட்கார்ந்த பிள்ளைக்குப் பாடந்தான் சாத்திக் கிடக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்துத் தோழர்களே! காணிக் குடியிருப்புகளுக்குச் சென்று மூட்டுக்காணிகளையும் தாய்மாரையும் கேளுங்கள். அவர்களையும் அழைத்துக்கொண்டு பள்ளி மேலாண்மைக் குழுவில் இந்தக் கோரிக்கையை எழுதி வையுங்கள். சர்க்கார் தானாக விழிக்குமென்று காத்திருந்தால் இன்னொரு தலைமுறையும் காட்டோடு போய்விடும்.