கடைசிக் காய் யாருக்கு?

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்தால், உதகையில் எங்கள் வீட்டில் பனியைப் பற்றித்தான் பேச்சு. முதலில் விழுவது நீர்ப்பனி; அதனால் பெரிய கேடில்லை. மேகமும் காற்றும் இல்லாத ஓரிரவில் உறைபனி இறங்கிவிட்டால், பீன்ஸ் கொடியும் உருளைக்கிழங்குச் செடியும் வெந்நீர் ஊற்றியதுபோல் கருகிவிடும். கேரட்டும் முட்டைக்கோசும் சற்றுத் தாங்கும். சமவெளியிலிருந்து வந்த விடுதித் தோழியர் இதை நம்புவதில்லை!

ஆகவே பனிக்கு முந்திக் காய்களையெல்லாம் பறித்துவிடுவது வழக்கம். எல்லாவற்றையும் பறிக்கக் கூடாது என்பது என் கருத்து. பறித்துக் கெடுத்தவளே நான்தான்.

சென்ற ஆண்டு நவம்பர் மாதம், கடைசிச் சனிக்கிழமை. "இன்றிரவு பனி விழும்" என்று அப்பா சொன்னதும் கூடையோடு ஓடினேன். மேரக்காய், பச்சைத் தக்காளி, பீன்ஸ் என்று ஒன்றையும் விடவில்லை. வேலியோரக் கொடியில் பாட்டி சிவப்பு நூல் கட்டி முற்றவிட்டிருந்த காய்களையும் பறித்து, அரிந்தும் கொடுத்துவிட்டேன். பொரியல் நாராக இருந்தது. பாட்டி தட்டைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. திருமணமாகி வந்தபோது தாய்வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதையின் வழிவந்த கொடி அது என்று அம்மாதான் பிறகு சொன்னார். பனி வருமென்றால் கொடியோடு பிடுங்கி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காய வைப்பாராம். நான் கேட்கவேயில்லையே!

விதைதானே, கடையில் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது; நன்றாகவும் காய்க்கிறது. ஆனால் தக்காளி, முட்டைக்கோசு போன்றவற்றில் இன்று விற்பவை பெரும்பாலும் வீரிய ஒட்டு விதைகள். அவற்றின் விதையை எடுத்து மீண்டும் விதைத்தால் அதே குணம் வராது. ஆண்டுதோறும் காசு கொடுக்க வேண்டும். பீன்சோ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. நல்ல கொடியில் நான்கு காய்களை முற்றவிட்டால் தாயைப் போலவே பிள்ளை வரும். இதற்குச் செலவு என்ன? ஒருவேளைப் பொரியலில் ஒரு பிடி குறையும், அவ்வளவுதானே!

பாட்டி முன்பு விதை கொடுத்திருந்த பக்கத்து வீட்டு அத்தையிடம் தேடியதில் ஏழு மணிகள் கிடைத்தன. நான்கு முளைத்தன. இவ்வாண்டு சிவப்பு நூலைப் பாட்டி என் கையிலேயே கொடுத்திருக்கிறார்.

குளிர்கால விடுமுறைக்கு முன் நம் பள்ளித் தோட்டத்தையும் காலி செய்வோம். ஒரு பாத்தியை மட்டும் விதைக்கு விட்டுவைக்க மதர் அவர்கள் அனுமதிப்பார்களா?

– பதினோராம் வகுப்பு மாணவி