வசனம் வாயோடு நின்றால் போதுமா?

கோடை விடுமுறை வந்தால் போதும், சர்ச்சுகளில் வி.பி.எஸ். வகுப்புகள் களைகட்டிவிடும். பாட்டு, கதை, மனப்பாட வசனம் என்று பிள்ளைகள் பரிசோடு வீடு திரும்பினால் நமக்கும் பெருமைதான். அதோடு பெற்றவர் கடமை முடிந்ததா?

நல்ல சமாரியன் கதையைப் பிள்ளை கடகடவென்று ஒப்பிக்கிறது. யூதர்கள் ஒதுக்கி வைத்த இனத்தவன்தான், அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டினான் என்று இயேசு சொன்ன கதை அது. ஆனால், சில வீடுகளில் வேலைக்கு வரும் அம்மாவுக்கு இன்னமும் தனி டம்ளர்! பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? கதையையா, டம்ளரையா?

1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியதே, வாரமெல்லாம் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கத்தான். இன்று பரிசு மட்டுமே பெரிதாகிவிடலாமா?

சகோதரிகளே, ராத்திரி ஜெபத்தில் ஒரு கதை சொல்லுங்க. மறுநாள் அதை நடந்து காட்டுங்க. முதல்ல அந்தத் தனி டம்ளரை எடுத்துடுங்க. வேலைக்கு வரும் அம்மாவின் பிள்ளைக்கு உங்க பிள்ளை நாலு எழுத்து சொல்லித் தரட்டும். அப்புறம் பாருங்க, வசனம் தானாகவே மனசுல நிக்கும்!

- ஒரு வாசகி, நாகர்கோவில்.