பசுமை அறிக்கையும் பாதரச மண்ணும்

மண்ணைக் காப்போம், மக்களை உயர்த்துவோம் என்று பெரிய கம்பெனிகள் வண்ண வண்ண அறிக்கைகள் விடுகின்றன. மகிழ்ச்சி! சொல்லை வரவேற்போம், செயலைக் கணக்கெடுப்போம்.

யூனிலீவர் நிறுவனம் 2010-ஆம் ஆண்டிலே அத்தகைய திட்டமொன்றை உலகறிய அறிவித்தது. அதன் இந்தியக் கிளை கொடைக்கானலிலே நடத்திய தெர்மாமீட்டர் ஆலையின் கதை என்ன?

பாதரசம் தோய்ந்த உடைந்த கண்ணாடி பழைய சாமான் கிடங்குக்குப் போனது 2001-இல் அம்பலமாயிற்று, ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் உடல்நலத்துக்குக் கேடில்லை என்றது நிறுவனம். நோயுற்றோம் என்ற தொழிலாளர்களோ 2006-இல் உயர்நீதிமன்றம் சென்றனர். 591 பேருக்கான உடன்பாடு வந்தது எப்போது? 2016 மார்ச்சில்! ஆலை மூடிப் பதினைந்தாண்டு. திட்டம் அறிவித்து ஐந்தாண்டுக்கும் மேல்!

திட்டமா பெற்றுத் தந்தது? இல்லை, சங்கமாகத் திரண்டு, சளைக்காமல் நின்றதே பெற்றுத் தந்தது.

மண்ணோ? கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாமென்று அளவு வகுத்தார்கள். அது போதாது, இன்னும் குறைய வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைப்பினர் வாதாடினர்.

தோழர்களே! பசுமைத் திட்டம் வேண்டாமென்பதல்ல நம் வாதம். நிறுக்கிற தராசைக் கம்பெனி மட்டுமே பிடிக்கலாகாது என்கிறோம். தொழிலாளியும் ஊராரும் உடன் பிடிக்கட்டும். அன்றுதான் அறிக்கை உண்மை பேசும்!