பின்னோக்கி நடந்த மைந்தர்



நோவா மதுமயக்கத்தில் ஆடை விலகிக் கிடந்த சம்பவத்தை ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் வாசித்திருப்பீர்கள். ஒரு மகன் அதைப் பார்த்தான். வெளியே வந்து மற்றவர்களிடம் சொன்னான். ஏனைய இருவரும் தோளிலே ஒரு வஸ்திரத்தை ஏந்தி, தகப்பனைப் பார்த்துவிடாதபடி பின்னோக்கி நடந்து சென்று அவனை மூடினார்கள். ஒவ்வொருவர் கையிலும் கமரா இருக்கும் இந்நாளில் இந்தப் பகுதி முன்னைவிட நம்மை நெருங்கி வருகிறது.

தென் கொரியாவில் ஜே.எம்.எஸ். என்று அறியப்படும் மதக்குழுவின் தலைவர் ஜங் மியுங் சோக். தம்மை மேசியாவாகக் கருதச் செய்து பெண் விசுவாசிகளைச் சீரழித்த இவர், பாலியல் குற்றங்களுக்காகப் பத்து ஆண்டுகள் சிறையிலிருந்து 2018 இல் வெளிவந்து, மீண்டும் அதே பாதகத்தைச் செய்தார். 2023 மார்ச்சில் நெட்பிளிக்ஸ் வெளியிட்ட ஆவணத் தொடரொன்று அதை உலகறியச் செய்தது. தொடரை நிறுத்தும்படி அக்குழு நீதிமன்றம் சென்றும் பலிக்கவில்லை. ஹொங்கொங்கைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் முகத்தை மறைக்காமல் அதில் பேசினார். 2023 டிசம்பரில் ஜங்கிற்கு 23 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 17 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டு, 2025 ஜனவரியில் உறுதியானது. இது நற்காரியம் அல்ல என்று எவர் கூறுவார்?

ஆனால் அதே தொடரில், அக்குழுவின் பெண்கள் சிலர் தலைவருக்கென்று எடுக்கப்பட்ட ஒளிப்பதிவில் ஆடையின்றித் தோன்றும் காட்சியும் இடம்பெற்றது. அவர்களது உடல்கள் மறைக்கப்படவில்லை. முன்னர் மறைத்துக் காட்டியபோது, அவர்கள் நீச்சலுடை அணிந்திருந்தார்கள் என்று குழுவினர் சமாளித்ததால்தான் அப்படிச் செய்ததாக இயக்குநர் விளக்கமளித்தார். 2024 ஓகஸ்டில், அப்பெண்களின் சம்மதமின்றி அக்காட்சிகளைக் காட்டினார் என்று பொலிஸார் அவரது வழக்கை அரச வழக்கறிஞர்களிடம் அனுப்பினர். இயக்குநரின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. எனினும் ஒரு பொய்ப் போதகரின் கண்களுக்கென எடுக்கப்பட்ட காட்சியை உலகத்தின் கண்களுக்குத் திறந்துவிட்டபோது, அப்பெண்கள் இரண்டாம் முறையாகக் கேட்கப்படாமலே காட்டப்பட்டார்கள்.

நோவாவின் கதையைச் சொல்லித் தங்கள் குற்றங்களை மூடிக்கொள்ளும் மேய்ப்பர்களும் உண்டு. அவர்களுக்கு இங்கே ஆறுதல் இல்லை. மூடப்பட வேண்டியது ஓநாயின் குற்றமல்ல, கடிபட்ட ஆட்டின் காயம். தாமாருக்கு நேர்ந்த கொடுமையை அவளது சகோதரன் வெளியே சொல்லாதே என்றான். வேதமோ குற்றவாளியின் பெயரோடு அதை எழுதி வைத்திருக்கிறது.

அப்படியானால் சம்மதம் பெற்றுவிட்டால் போதுமா? இங்கேதான் சற்று நின்று யோசிக்கும்படி உங்களை வேண்டுகிறேன். 1978 நவம்பர் 18 ஆம் திகதி கயானா நாட்டின் ஜோன்ஸ்டவுனில் ஜிம் ஜோன்ஸ் என்ற போதகரின் பின்னால் சென்ற தொள்ளாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். குழந்தைகளுக்கு முதலில் நஞ்சு புகட்டப்பட்டது. அக்குழுவில் இருந்தவர்கள் தாங்கள் செய்யாத குற்றங்களை ஒப்புக்கொள்ளும் கடதாசிகளிலும், வெற்றுத் தாள்களிலும்கூடக் கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தார்கள். கூட்டங்களில் பேசியவை நாடாக்களில் பதிவாகின. ஏறத்தாழ ஆயிரம் நாடாக்களை எப்.பி.ஐ. அதிகாரிகள் அங்கிருந்து மீட்டனர். இத்தகைய இடத்திலிருந்து தப்பி வந்த ஒருவரிடம், ஜெபம்பண்ணிவிட்டு ஒரு படிவத்தையும் ஒலிவாங்கியையும் நீட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடவுளின் பெயரால் கேட்கப்படும் எதற்கும் ‘ஆம்’ என்று சொல்லவே அவர் பல வருடங்கள் பழக்கப்பட்டிருக்கிறார். நமக்குத் தரும் ‘ஆம்’ எங்கிருந்து வருகிறதென்று நமக்கும் தெரியாது, சில வேளை அவருக்கும் தெரியாது.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் யவீருவின் வீட்டுக்குள் ஆண்டவர் கூட்டத்தை விடவில்லை. பெற்றோரும் மூன்று சீஷருமே உள்ளே நின்றார்கள். பிள்ளை எழுந்ததும் அவர் பிறப்பித்த கட்டளை, அவளுக்கு உணவு கொடுங்கள் என்பது. அதே வழியில், பெரும்பாடுள்ள பெண்ணைக் கூட்டத்தின் நடுவே பேச வைத்தாரே என்று கேட்பீர்கள். வைத்தார்தான்; அவளோ தன் வாயால், தான் சொல்ல விரும்பியதைச் சொன்னாள். அவர் அவளை மகளே என்றழைத்துச் சமாதானத்தோடு அனுப்பினார். அவள் கதையை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகவில்லை.

படம் பிடிப்பவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. வெட்டி ஒட்டுபவரின் மேசையிலேதான் பெரும்பகுதி தீர்மானமாகிறது. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாட்டு நிலையோடு வாழும் இளைஞர்கள் பலர் இத்தொழிலில் திறமையோடு உழைக்கிறார்கள். (அது சோம்பலுமல்ல, பிசாசின் கட்டுமல்ல என்பதைச் சில விசுவாசிகளுக்கு இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.) மனம் பற்றிக்கொண்ட வேலையில் மணிக்கணக்காக மூழ்குவார்கள், அசையாத நேரமோ அவர்களுக்குப் பாரம். தப்பி வந்தவர் ஒரு கேள்விக்குப் பத்து விநாடி பேசாமலிருந்தால் அந்த மௌனத்தை வெட்டவே விரல் துடிக்கும். அழுகை வந்த இடமோ தப்பாமல் நிற்கும். ஆனால் அக்குறைபாடு இல்லாத நாமும் இன்று அப்படியே பார்க்கிறோம். மௌனம் வந்தால் தள்ளிவிடுகிறோம். அந்தப் பத்து விநாடியில்தான் அவர் எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று தீர்மானித்திருக்கக்கூடும். ஆகவே வெட்டும் மேசையருகே, தாமதமாகப் பார்க்கத் தெரிந்த இன்னொருவர் அமர்ந்திருப்பது நல்லது. அதைக் கேட்டு வாங்குவதில் அந்த இளைஞருக்கு வெட்கம் வேண்டாம்.

நம் சபைகளிலும் சாட்சி நேரத்தில் கைத்தொலைபேசிகள் உயருகின்றன. தவறான உபதேசக் குழுவொன்றிலிருந்து மீண்டு வந்த சகோதரி எழுந்து நின்றால், அன்று மாலைக்குள் அவர் முகம் கடல் கடந்துவிடும். அவரது பிள்ளைகள் இன்னும் பத்து வருடம் கழித்தும் அதைப் பார்ப்பார்கள். விட்டு வந்த முதல் நாட்களில் எவரையும் படம் பிடிக்காதிருப்போம். பின்னர் அவரே விரும்பிப் பேசினால், தொகுத்த பிரதியை வெளியிடுமுன் அவருடைய வீட்டிலே, அவர் விரும்பும் ஒருவரின் துணையோடு, அவருக்குக் காட்டுவோம். இது வேண்டாம் என்று அவர் சொன்னால் காரணம் கேட்காமல் அழித்துவிட வேண்டும். வெளிநாட்டு நன்கொடையாளருக்குக் காண்பிக்கவென்று ஒரு பிரதியைக்கூட வைத்திருக்கலாகாது.