மலைநிலமும் தவணைக் கிரயமும்

குலசேகரத்தைச் சூழ்ந்துள்ள பொன்மனை, திற்பரப்பு, சுருளோடு, பேச்சிப்பாறைப் பகுதிகளின் மலைச்சரிவுகளில் நிலம் வாங்குவது நாஞ்சில் நாட்டு வயலை வாங்குவதைப் போன்றதன்று. வயலை வாங்கியவர் கன்னிப்பூவிலோ கும்பப்பூவிலோ நெல்லைக் காண்பார். மலைச்சரிவில் ரப்பர் நட்டவரோ பால்வெட்டுக்கு ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கிராம்பு நட்டவருக்கும் ஏறக்குறைய அந்நிலைமையே. முழுக் கிரயத்தையும் ஒரே நாளில் எண்ணி வைக்கக் கூடிய குடியானவர் சிலரே. ஆதலால் ஒரு பகுதியை ரொக்கமாகக் கொடுத்து, எஞ்சியதை ஆண்டுத் தவணைகளாக விற்றவருக்கே செலுத்தும் ஏற்பாடு மலைநிலத்துக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

இவ்வேற்பாடு கண்டிக்கத்தக்கதன்று, கண்டிக்கத்தக்கது அதை எழுதும் முறையே. 1865-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு பண்டாரப்பாட்டக் குடிகளுக்கு நிலத்தின்மேல் முழு உரிமையும், அதை விற்கும் அதிகாரமும் அளித்தது. அன்று முதல் இப்பகுதியின் குடியானவர் ஆதாரத்தின் மதிப்பை நன்கறிந்தவர். அப்படியிருந்தும் தவணைக் கிரயம் என்று வரும்போது, வாய்ச்சொல்லையும் பதிவு செய்யாத உடன்படிக்கைத் தாளையும் நம்பி நிலத்தில் இறங்கிக் குழியெடுத்துக் கன்று நடுபவர் உண்டு. ஏழாண்டு உழைப்புக்குப் பின், மரம் வெட்டுக்கு வந்து நிலத்தின் மதிப்பும் உயர்ந்த பிறகு, விற்றவரோ அவருடைய வாரிசுகளோ மனம் மாறினால் அவர் கதி யாது?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அனுபோகத்தில் இருப்பவர் தம் கைவசத்தைக் காத்துக்கொள்ளச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53-ஏ பிரிவை நாட வேண்டுமானால், உடன்படிக்கை பதிவாகியிருத்தல் அவசியம். உடன்படிக்கையை நிறைவேற்றக் கோரும் வழக்குக்கோ மூன்றாண்டே காலவரம்பு. ஏழாண்டுப் பயிருக்கு மூன்றாண்டுக் காப்பு எம்மாத்திரம்? பொது அதிகாரப் பத்திரத்தை நம்புவதும் வீணே. அதனால் நிலவுரிமை மாறாதென்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நேர்வழி வேறொன்று உண்டு. கொடுத்த பணத்துக்கும் கொடுப்பதாக வாக்களித்த பணத்துக்குமாகக் கிரயம் செய்யலாமென்று அதே சட்டத்தின் 54-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆகவே கிரயப் பத்திரத்தை முதலிலேயே பதிவு செய்து, பெற்ற தொகை, பாக்கித் தொகை, தவணை நாட்கள், வட்டி ஆகிய நான்கையும் அதிலேயே எழுதிவிடுவது உத்தமம். உரிமை கைவிட்டுப் போனால் பாக்கியை எப்படி வசூலிப்பது என்று விற்பவர் அஞ்சுவார். 55-ஆம் பிரிவு, செலுத்தாத கிரயத்துக்கு அந்நிலத்தின்மீதே அவருக்குப் பொறுப்புரிமை தருகிறது. அதை அமல்படுத்த, பணம் செலுத்தவேண்டிய நாள் முதல் பன்னிரண்டு ஆண்டுக் காலவரம்பும் உண்டு. ஆனால், 'முழுக் கிரயமும் பெற்றுக்கொண்டேன்' என்று பொய்யாக எழுதிக் கொடுப்பவர் தம் கையாலேயே அக்காப்பை அழித்துக்கொள்கிறார். பாக்கியை அறியாமல் பின்னர் விலை கொடுத்து வாங்குபவரிடம் அவ்வுரிமை செல்லாது. தவணை தவறியதனால் மட்டும் பதிவான கிரயம் ரத்தாகாது, பாக்கிக்கு வழக்கிடுவதே பரிகாரம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியதையும் விற்பவர் மறத்தலாகாது.

சட்டத்தினும் முக்கியமானது கணக்கு. உதாரணமாக, ஓர் ஏக்கர் ரப்பர் நிலத்தின் கிரயம் 20 லட்சம் ரூபாய். ரொக்கம் 8 லட்சம். பாக்கி 12 லட்சம். வட்டி நூற்றுக்கு 10 என்று கொள்ளலாம். முதலாண்டு வட்டி 1,20,000 ரூபாய். ஹெக்டேருக்குச் சுமார் 1,500 கிலோ விளைவென்றால் ஏக்கருக்கு 600 கிலோ. கிலோ 200 ரூபாய்க்கு விற்றால் வருமானம் அதே 1,20,000 ரூபாய்! பால்வெட்டுக் கூலிக்கும் உரத்துக்கும் ஒரு காசும் மிஞ்சாது, அசலோ அசையாது. இளங்கன்று நிலமானால் அந்த வருமானமும் இல்லை. முதல் மூன்றாண்டுகளில் ஊடுபயிராகிய வாழையும் அன்னாசியுமே கைகொடுக்கும். நிலம் தன் விலையைத் தானே அடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் கையொப்பமிடுபவர், ஈற்றில் நிலத்தையும் ரொக்கத்தையும் இழக்க நேரிடும். வேறு வருமானம் உள்ளவரே தவணைக்குத் துணிய வேண்டும். தொடக்கத் தவணைகள் சிறிதாகவும், மரம் வெட்டுக்கு வந்த பின் பெரிதாகவும் அமைவது இருவருக்கும் அனுகூலம்.

மலைநிலத்துக்கே உரிய இன்னொரு கண்டமும் உண்டு. 1949-ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட நிலத்தை, உரிய குழுவின் முன்னனுமதியின்றி விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. பட்டா இருக்கிறது, ரப்பர் நிற்கிறது என்பதனால் மட்டும் இச்சந்தேகம் தீர்ந்துவிடாது. முன்பணம் கொடுக்குமுன், அந்த சர்வே எண் எவ்வகைப்பட்டதென்று வருவாய்த் துறையிலும் வனத்துறையிலும் எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும். வில்லங்கச் சான்று, மூல ஆதாரம், வழிப்பாதை உரிமை, அளந்து நாட்டிய எல்லைக் கல் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடுவது நன்று. நிலத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015-ஆம் ஆண்டு வருமான வரித் திருத்தம் தடுப்பதால், முன்பணமும் தவணைகளும் வங்கி வழியே செல்ல வேண்டும்; பிற்காலத்தில் வாங்கியவருக்கு அதுவே சாட்சியுமாகும்.

கிராம நிர்வாக அலுவலருக்கும் இதில் கடமை உண்டு. தவணைப் பேச்சு அவர் காதுக்கு எட்டாமல் ஊரில் நடப்பதில்லை. பட்டா மாற்றத்துக்கு மனு வரும்வரை காத்திராமல், பேச்சு நடக்கும் பொழுதே நிலத்தின் வகையையும் புல எல்லையையும் இரு திறத்தாருக்கும் எடுத்துரைப்பாரானால், பல ஆண்டு வழக்கொன்று முளையிலேயே கிள்ளப்படும்.

பத்திரச் செலவைக் குறைக்கப் பாக்கியை மறைப்பது மிச்சமன்று. மலைச்சரிவில் மண் அரியாதிருக்க முதலில் வரப்பும் கல்லணையும் கட்டுகிறார் குடியானவர். அதன் பின்னரே கன்று நடுகிறார். தவணைக் கிரயத்திலும் அந்த ஒழுங்கே வேண்டும்: முதலில் பதிவு, பிறகு நடவு.