ஆயா மடியும் ஏர்பேக்கும்

ஜூலை பிறந்தால் எங்கள் காலாப்பட்டுப் பக்கம் பல வீடுகளில் சூட்கேஸ் உருளும் சத்தம் கேட்கும். பிரான்சில் பள்ளி விடுமுறை. மகனோ மகளோ பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். அழைத்துவரச் சென்னைக்குக் கார் போகும். தாத்தாவும் ஆயாவும் கூடவே போவார்கள். திரும்பி வருகிற மூன்று மணி நேரமும், கிழக்குக் கடற்கரைச் சாலையில், இரண்டு வயதுக் குழந்தை ஆயா மடியில். சிணுங்கினால் முன்சீட்டுக்கு மாறித் தாத்தா மடியில் நின்றுகொண்டு டாஷ்போர்டைத் தட்டும்.

அதே குழந்தை பாரிசில் அப்பாவின் காரில் ஏறினால், பின்சீட்டில், தனக்கென்று இருக்கும் சீட்டில், பட்டை மாட்டித்தான் உட்காரும். அங்கே 1992 முதல் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது சட்டம். மீறினால் 135 யூரோ அபராதம். மீனம்பாக்கத்தில் இறங்கியதும் குழந்தையின் எலும்பு இரும்பாகிவிடுகிறதா என்று எங்கள் மாலை நடைக் கூட்டத்தில் கேட்டேன். இரண்டு பேர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். பரவாயில்லை.

"என் கை விட்டுவிடுமா?" இதுதான் அவர்கள் முதலில் கேட்டது. விட்டுவிடும், அண்ணே. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி நிற்பது, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம். அந்தக் கணத்தில் பத்து கிலோ குழந்தை உங்கள் கையை இருநூறு கிலோவாக இழுக்கும். ஏறக்குறைய மூன்று நெல் மூட்டை. அதைப் பிடித்து நிறுத்த பயில்வானாலும் முடியாது. முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கும் நமக்கு எப்படி முடியும்? பெல்ட் போடாத ஆயா என்றால் இன்னும் மோசம். அவரே முன்னால் வீசப்பட்டு, குழந்தையை முன்சீட்டோடு சேர்த்து நசுக்கிவிடுவார். ஒரே பெல்ட்டை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டாலும் கதை அதேதான்.

அமெரிக்காவில் குழந்தை சீட்டை முதலில் கட்டாயமாக்கியது டென்னசி மாநிலம், 1978-ல். ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் போராடி வாங்கிய சட்டம் அது. ஆனால் அரசியல்வாதிகள் அதில் ஓர் ஓட்டை போட்டார்கள்: பெரியவர் கையில் குழந்தையைப் பிடித்திருந்தால் சீட் வேண்டாம். அந்த ஓட்டைக்குக் 'குழந்தை நசுக்கி' என்றே பெயர் விழுந்தது. 1981-ல் அதை நீக்கினார்கள். நாம் இன்னும் அந்த ஓட்டைக்குள்தான் குடியிருக்கிறோம்.

அடுத்தது, "நாமெல்லாம் வளரவில்லையா?" வளர்ந்தோம், அம்பாசிடரில் எட்டுப் பேர் அடைந்துகொண்டு. அந்தக் காரின் வேகம் எவ்வளவு, அன்றைய சாலையில் எத்தனை வண்டி? இருந்தும் வளராமல் போனவர்கள் உண்டு. அவர்கள் இந்தக் கூட்டத்தில் வந்து பேச முடியாது என்பதால் கணக்கில் வருவதில்லை. அதைவிட, அம்பாசிடரின் முன்பக்கம் ஏர்பேக் கிடையாது. இப்போது வரும் புதிய கார்களில் முன்சீட் இரண்டுக்கும் அது கட்டாயம். பெல்ட் போட்ட பெரியவரின் மார்புக்காகச் செய்த பை அது. கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும். மடியிலிருக்கும் குழந்தையின் தலை சரியாக அதன் வாயில்தான் இருக்கும். 2024 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் தாய் மடியிலிருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை ஏர்பேக் அழுத்தி இறந்தது. 2025 ஜூலையில் நமக்குப் பக்கத்திலேயே, திருப்போரூர் அருகே பழைய மகாபலிபுரம் சாலையில், தந்தை மடியிலிருந்த ஏழு வயதுச் சிறுவன். இரண்டுமே முன்சீட். இரண்டுமே அன்பு மிகுந்த மடிகள்.

"எங்கள் கார் ஐந்து நட்சத்திரம்" என்றார் இன்னொருவர். 2023-ல் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் குழந்தைகளுக்கென்று தனி மதிப்பெண் உண்டு. ஒன்றரை வயது, மூன்று வயது அளவுள்ள பொம்மைகளை வைத்துச் சோதிக்கிறார்கள். அந்தப் பொம்மைகள் உட்கார்ந்திருப்பது குழந்தை சீட்டில். ஆயா மடியில் உட்காரவைத்துச் சோதித்து எந்தக் காரும் நட்சத்திரம் வாங்கவில்லை.

அரசாங்கத்தையும் சும்மா விட மனமில்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம். இங்கிருந்து டவுனுக்குப் போவதற்குள் பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் என்று தமிழ்நாடு குறுக்கே வந்துபோகும். சட்டம் மாறாது, இது மத்தியச் சட்டம். இதற்காக இந்தச் சாலையில் ஒரு கார் நிறுத்தப்பட்டதை நான் பார்த்ததில்லை. கேரளத்தில் 2024 அக்டோபரில் போக்குவரத்து ஆணையர் இதை அமல்படுத்தப்போவதாக அறிவித்தார். உடனே அமைச்சர், இப்போதைக்கு இல்லை என்று தடுத்துவிட்டார். நம் ஊரில் 2019-ல் ஹெல்மெட்டுக்கே துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் மோதிக்கொண்டதைப் பார்த்தோம். ஆகவே போலீஸ்காரர் வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பதில் பலனில்லை.

நம் வயதுக்காரர்களைத் தாழ்த்திச் சொல்லவில்லை. 2011-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. தாத்தா பாட்டி ஓட்டிய கார்கள் மோதியபோது பிள்ளைகளுக்குக் காயம் பட்டது, பெற்றோர் ஓட்டியபோது பட்டதில் ஏறத்தாழப் பாதிதான். நாம் நிதானமானவர்கள்! ஆனால் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏதோ ஒரு சீட்டிலோ பெல்ட்டிலோ இருந்தார்கள். முறைப்படி மாட்டுவதில்தான் தாத்தா பாட்டிகள் கொஞ்சம் பின்தங்கினார்கள். அது கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம். செல்போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொண்ட நமக்கு இது பெரிதா?

சீட் எப்போதும் பின்சீட்டில்தான். கைக்குழந்தை காரின் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். புதிய ஐரோப்பிய விதி 15 மாதம் வரை இதைக் கட்டாயமாக்குகிறது. கழுத்து பிஞ்சு, தலை கனம். மோதும்போது சீட்டின் முதுகு அதைத் தாங்கிக்கொள்ளும். தோள்பட்டையில் பட்டையை விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு வந்தால் தொளதொளப்பு. சீட்டைக் கார் பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. இறுக்க நமக்குப் பலம் போதாது. மகனை முழங்காலால் அழுத்தி இறுக்கச் சொல்லுங்கள். குழந்தை தானாகத் திறந்துவிடக் கூடாது என்றுதான் சிவப்புப் பொத்தானைக் கடினமாகச் செய்திருக்கிறார்கள். குழந்தை வருவதற்கு முன்பே நாலு தடவை அமுக்கிப் பழகுங்கள். வெயிலில் நின்ற காரில் அந்த உலோகக் கொக்கி தொடையைச் சுட்டுவிடும், மேலே ஒரு துண்டு போட்டு வையுங்கள். அழுமா? அழும். ஊசி போடும்போதும் அழுதது.

சீட்டை இங்கே வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான விமான நிறுவனங்கள் குழந்தையோடு வரும் சீட்டுக்குத் தனிக் கட்டணம் கேட்பதில்லை. நம் ஏஐஎஸ் 072 தரமே ஐரோப்பிய விதியைத் தழுவியதுதான். மகனிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். சென்னைக்கு டாக்சி பேசும்போது டிரைவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: பின்சீட் பெல்ட்டின் கொக்கிகள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும், புறப்படும் முன் அவற்றை வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்று.